வெயிலுக்குப் பூக்கிற செடியாக வை

பங்குனி பிறந்து நாலு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் நீ போனில் அழாத குறையாகச் சொல்கிறாய்: "அக்கா, தையில் வாங்கி வைத்த சாமந்தி எல்லாம் போச்சு. ஒரு மொட்டுகூட இல்லை. எனக்குக் கைராசியே கிடையாது."

தங்கச்சி, இதற்கும் கைராசிக்கும் சம்பந்தமே இல்லை. பகல் குறுகி இரவு நீளும் நாட்களில்தான் சாமந்தி மொட்டு வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கித் தை வரைக்கும் அதன் காலம். பகல் நீள ஆரம்பித்ததும் இலையோடு நின்றுவிடும். நீ எத்தனை உரம் போட்டாலும் சித்திரை வெயிலில் அது பூக்கப் போவதில்லை. காய்ந்த தண்டுகளைத் தரையோடு நறுக்கிவிட்டு, தொட்டியைக் காலை வெயில் மட்டும் படுகிற மூலையில் வை. ஈரம் மட்டும் காயாமல் பார்த்துக்கொள். அடியில் புதிதாக வேர்க்கன்றுகள் வரும். அவற்றைப் பிரித்து வைத்தால் அடுத்த கார்த்திகைக்கு ஒன்று நாலாகியிருக்கும்.

இப்போது நீ கவனிக்க வேண்டியது வேறு. நம் பெரியவர்கள் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று வைத்தார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிற மாதங்களுக்கு இவ்வளவு குளிர்ச்சியான பேரா என்று சின்ன வயதில் நான் யோசித்திருக்கிறேன். செடி வைத்துப் பழகிய பிறகுதான் புரிந்தது. மல்லி கூடை கூடையாய் வருவது அப்போதுதான். வேம்பு பூப்பது அப்போதுதான். கொன்றை இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மஞ்சள் சரமாய்த் தொங்குவதும் அப்போதுதான். நம் மண்ணின் பூக்காலம் வெயில் காலம். அம்மா தன் முற்றத்தில் வெயிலுக்குப் பயப்படுகிற எதையும் வைத்ததில்லை. நீயும் வைக்காதே. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

தண்ணீர்

நீ செடி வைப்பது மூன்றாவது மாடிக்கும் மேலே உள்ள மொட்டைமாடியில். கீழே தோட்டத்தில் வைப்பதும் மாடியில் வைப்பதும் ஒன்றல்ல. தரையில் இருக்கும் செடியின் வேர் குளிர்ச்சியைத் தேடி ஆழத்துக்குப் போகும். மாடித் தொட்டியில் வேருக்குப் போக்கிடம் கிடையாது. மேலே வெயில், அடியில் கொதிக்கும் தளம், பக்கத்தில் சூடேறிய தொட்டிச் சுவர். செடி வாடுவது பெரும்பாலும் இலையில் படும் வெயிலால் இல்லை. வேர் வெந்து போவதால்தான்.

அதனால் ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் இரண்டு செங்கல் வை. தளத்துச் சூடு நேராக ஏறாது, தண்ணீரும் அடைபடாமல் வடியும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியும் கறுப்புப் பையும் வெயிலை உறிஞ்சிக்கொள்ளும். தூக்கிப் போட வேண்டாம், கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டு. மேற்குப் பக்கம் பார்த்த தொட்டிகளுக்கு இது கண்டிப்பாகத் தேவை. மண் தொட்டி குளிர்ச்சிதான். ஆனால் அதன் சுவர் வழியே ஈரம் கசிந்து ஆவியாகும் என்பதால் தண்ணீர் அதிகம் கேட்கும். உனக்கு வேலைக்குப் போகிற அவசரம் இருப்பதால் இரண்டையும் கலந்து வை.

காலை ஏழு மணிக்குள் தண்ணீர் ஊற்றிவிடு. சாயங்காலம் ஊற்றுவதென்றால் வெறுங்காலோடு மாடியில் நின்று பார். கால் சுட்டால் இன்னும் நேரம் ஆகவில்லை. இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி வந்த முதல் கோடையில், மத்தியானம் துவண்டு நின்ற மல்லியைப் பார்த்து மனசு கேட்காமல், வெயிலில் கிடந்த ரப்பர் குழாயைத் திறந்து அப்படியே பிடித்துவிட்டேன். குழாய்க்குள் தேங்கியிருந்த தண்ணீர் வெந்நீராக இருந்திருக்கிறது. மூன்று நாளில் செடி முழுக்கக் கருகிவிட்டது. அம்மா கொடுத்தனுப்பிய செடி அது. இன்றைக்கும் குழாயைத் திறந்தால் முதல் தண்ணீரை வாளியில் பிடித்து, கையை விட்டுப் பார்த்த பிறகுதான் செடிப் பக்கம் போவேன்.

இன்னொன்றும் அன்றைக்குத் தெரியாமல் போனது. உச்சி வெயிலில் இலை துவளுவது செடிக்கு ஒரு தற்காப்பு. வேர் உறிஞ்சுவதைவிட இலை வழியே போகும் நீர் அதிகமாகிவிட்டால் அது தன்னைச் சுருக்கிக்கொள்ளும். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தானாக நிமிர்ந்தால் அதற்கு ஒரு குறையும் இல்லை. விடிந்த பிறகும் துவண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் உடனே தண்ணீர் ஊற்றாதே. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார். ஈரம் இருந்தும் துவண்டிருந்தால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம். மேலும் ஊற்றினால் செத்துவிடும்.

மூடாக்கு போடாமல் கோடையைத் தாண்டாதே. காய்ந்த இலை, கரும்புச் சக்கை, தேங்காய் நார் எது கிடைத்தாலும் மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் பரப்பு. தண்டை ஒட்டிப் போடாமல் சுற்றி இரண்டு விரல் இடம் விடு. உன் தெருவில் புங்க மரம் இருக்கிறது என்றாயே, சித்திரையில் அதன் அடியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பொரி கொட்டியது போல் பூ உதிர்ந்து கிடக்கும். துப்புரவுக்காரர்கள் வருவதற்கு முன் போய் ஒரு பை அள்ளி வந்துவிடு. மட்க வைத்தால் தொட்டிச் செடிக்கு அருமையான உரம். அம்மா அதை மட்கவிட்டுக் கனகாம்பரத்துக்குப் போடுவாள்.

நீ இருக்கும் சென்னையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. மண்ணின் மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்தால் உப்பு ஏறிவிட்டது என்று தெரிந்துகொள். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரைத் தொட்டியின் அடித்துளை வழியே வடிந்தோடும் அளவுக்கு ஊற்றிக் கழுவிவிடு. குடிநீர் சுத்திகரிக்கும் எந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு விடாதே. அதில் உப்பு முன்னைவிட அதிகம். அரிசி களைந்த தண்ணீர் விடலாம், ஆனால் அன்றன்றைக்கு விட வேண்டும். புளித்ததை ஊற்றினால் எறும்பு வரும். எறும்பு வந்தால் பின்னாலேயே மாவுப்பூச்சி வரும்.

மல்லி

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நம் வீட்டுக்கு மல்லி வெறும் பூ இல்லை என்பது உனக்கே தெரியும்.

நிலக்கோட்டைச் சந்தைக்கு அப்பா பூ மூட்டையைக் கொண்டுபோன நாட்களில், மார்கழியிலும் தையிலும் மல்லி விலை ஏறும், சித்திரையில் விழும். பனியில் மல்லி பூக்காது, வெயிலில் கொட்டும். விலை விழுகிற அந்த மாதங்கள்தான் வீட்டில் செடி வைத்திருப்பவளுக்குப் பொன்னான மாதங்கள். உன் தலைக்கும் சாமி படத்துக்கும் கடைக்குப் போக வேண்டியதே இல்லை.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதழ் தடிப்பு, வாசனை, வாடாமல் தாங்கும் நேரம் எல்லாம் நம் பக்கத்து மண்ணும் வெயிலும் சேர்ந்து தருபவை. ஆனால் அந்தச் செடிகளின் கன்றுகள் பெரும்பாலும் வருவது ராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து. கடலோர மணல் மண்ணில் தண்டுகள் சுலபமாக வேர் விடும். அங்கே பதியன் போடுவது பலருக்கும் தொழில். யாராவது ராமேசுவரம் போனால் இரண்டு கன்று வாங்கி வரச் சொல். சாலையோர வண்டியில் பூவோடு நிற்கும் செடியைப் பார்த்து மயங்கி வாங்காதே. பூவில்லாத, தண்டு பென்சில் கனமுள்ள, அடியில் புதுத் துளிர் விட்ட கன்றுதான் நிலைக்கும்.

தொட்டி குறைந்தது ஒன்றரை அடி அகலம் இருக்கட்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் ஒரு பங்கு. மாடி என்பதால் கழுவிய தேங்காய் நார்க்கழிவு இரண்டு கை சேர்த்துக்கொள். கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் வேரைக் கெடுக்கும். ஒரு நாளில் ஐந்து மணி நேரமாவது நேர் வெயில் மல்லிக்கு வேண்டும். நிழலில் வைத்தால் தளதளவென்று இலை மட்டும் விடும். "பச்சைப்பசேல்னு இருக்கு, ஏன் பூக்கலை" என்று கேட்பவர்கள் எல்லோரும் நிழலில் வைத்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

மல்லி பழைய தண்டில் பூக்காது. புதிதாகக் கிளம்பும் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். கவாத்துக்கு அவசியம் அதுதான். கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசியில், செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டுவதற்கு முன்பு சில நாள் தண்ணீரை நிறுத்தி வை. வெட்டிய பிறகு மிச்ச இலைகளையும் உருவிவிட்டு மண்ணைக் கிளறி எரு வை. முதல் முறை வெட்டும்போது உனக்குக் கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது. பங்குனியில் அந்தச் செடி குலுங்கி நிற்பதைப் பார்த்த பிறகு அந்தப் பயம் போய்விட்டது. முல்லைக்குத் தை மாத நடுவில் கவாத்து. இரண்டையும் ஒரே நாளில் வெட்டிவிடாதே.

இந்த வருடம் கவாத்து செய்யவில்லையே என்று கேட்பாய். இப்போது பெரிதாக வெட்டாதே. பூத்து முடிந்த ஒவ்வொரு தளிரையும் நுனியிலிருந்து இரண்டு மூன்று கணு கீழே கிள்ளிக்கொண்டே வா. அந்தக் கணுக்களிலிருந்து புதுக் கிளை வரும், அதில் அடுத்த சுற்று மொட்டு. பறித்த மறுநாளே கிள்ளுவது நல்லது. இதை மட்டும் விடாமல் செய்தால் ஆவணி வரைக்கும் பூ வரும்.

மொட்டை விடிவதற்குள் பறி. நன்றாகப் பருத்து வெண்மையான மொட்டைத்தான் பறிக்க வேண்டும். பச்சை ஓடிய மொட்டு சாயங்காலம் விரியாது. பறித்ததை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் போதும், தண்ணீரில் போடாதே.

இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறைவு. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் கரைத்து, வெயில் இறங்கிய பிறகு இலையில் தெளி. மாதம் ஒரு முறை போதும். மொட்டு ஊதா ஓடி, பக்கத்தில் ஊசி முனை அளவு துளை தெரிந்தால் உள்ளே மொட்டுப்புழு இருக்கிறது. அந்த மொட்டுகளைப் பறித்துத் தொட்டியிலேயே போடாமல் மாடியிலிருந்து அகற்றிவிடு. இலைக்கடியில் மெல்லிய நூலாம்படை மாதிரி தெரிந்தால் செஞ்சிலந்தி. வறண்ட வெயிலில் அது பெருகும். காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல். வேப்பெண்ணெய் தெளித்த செடியில் வெயில் பட்டால் இலை பொசுங்கும். அதனால் எப்போதும் மாலையில்தான்.

உரத்துக்குக் கடலைப் பிண்ணாக்கு இருக்கிறதே. ஒரு கைப்பிடியை இரண்டு நாள் ஊற வைத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, ஈர மண்ணில் மட்டும் ஊற்று. காய்ந்த மண்ணில் எந்த உரமும் ஊற்றக் கூடாது. கத்திரி வெயில் நாட்களில், அதாவது மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மே 28 வாக்கில் முடிகிற அந்த மூன்றரை வாரமும், உரம் வேண்டாம், தொட்டி மாற்ற வேண்டாம், கிளை வெட்ட வேண்டாம். செடி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் நாட்கள் அவை. தண்ணீரும் மூடாக்கும் கொடுத்து அதன் போக்கில் விட்டுவிடு.

பக்கத்துத் தொட்டிகள்

மல்லியை மட்டும் வைத்தால் மாடி வெள்ளையாகவே இருக்கும். வண்ணத்துக்குச் சிலது சொல்கிறேன்.

நித்தியகல்யாணியை மிஞ்சிய கோடைப் பூ நம் ஊரில் இல்லை. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்து, சுடுகாட்டு மண்ணிலும் பூக்கப் பழகிக்கொண்ட செடி. புற்றுநோய்க்கான இரண்டு பெரிய மருந்துகள் இதிலிருந்து கிடைக்கின்றன, அதனால் இதைச் சாதாரணமாக நினைக்காதே. இலையை வாயில் வைக்கவும் கூடாது, நச்சு உண்டு. இது தண்ணீர் அதிகமானால் மட்டும்தான் சாகும். நாள் விட்டு நாள் ஊற்று.

பத்துமணிப்பூ, நீ டேபிள் ரோஸ் என்று சொல்வது, விரல் நீளத் துண்டைக் கிள்ளி மண்ணில் சொருகினாலே வரும். வெயில் ஏறினால்தான் விரியும், மேகமூட்டமாக இருந்தால் கண் திறக்காது. அகலமான, ஆழமில்லாத சட்டி போதும். பழைய மண் சட்டி எதையும் தூக்கிப் போடாதே. காலையில் இது, சாயங்காலம் அந்திமந்தாரை. நீ அலுவலகத்திலிருந்து வரும் நேரத்துக்கு அது விரிந்து வாசம் வீசும். மிளகு மாதிரி கறுப்பு விதை, ஒரு முறை போட்டால் வருடா வருடம் தானே முளைக்கும். ஒரே செடியில் இரண்டு மூன்று நிறம் வருவதும் உண்டு.

காகிதப்பூவுக்கு நீ பாசம் காட்டவே கூடாது. அதில் நிறமாகத் தெரிபவை இதழ்கள் இல்லை, பூவைச் சுற்றிய இலைகள். உள்ளே வெள்ளையாக ஊசி போல நிற்பதுதான் பூ. தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் தொங்கும்வரை காய விட்டுப் பிறகு ஊற்று. அந்த வறட்சிக்குப் பிறகுதான் அது நிறம் கொட்டும். தினம் ஊற்றி, உரமும் வைத்தால் முள்ளும் இலையுமாக வளர்ந்துவிடும்.

கனகாம்பரத்தை மல்லிக்குக் கிழக்கே, மத்தியான வெயில் படாத இடத்தில் வை. அதற்கு அரை நிழல் வேண்டும். நீ கேட்ட டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது, தண்டு நட்டுத்தான் வரும். நாட்டுக் கனகாம்பரத்தின் காய்ந்த காயைத் தண்ணீரில் போட்டால் டப்பென்று வெடிக்குமே, நாம் பள்ளிக்கூடத்தில் எச்சில் தொட்டு விளையாடியது, அதன் விதை சுலபமாக முளைக்கும். சங்குப்பூவுக்கு விதையை ஒரு இரவு ஊறப் போடு. மாடிக் கம்பியில் ஏற்றிவிட்டால் நிழலும் தரும். செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை மூன்றும் விதை தூவினால் போதும். வாடாமல்லி வெயில் ஏற ஏற நிறம் கூடும்.

செம்பருத்தி மொட்டு விரியாமல் உதிர்கிறது என்றாய். ஒரு நாள் காய்ந்து மறுநாள் குளம் கட்டினால் அப்படித்தான் உதிரும். ஒரே சீரான ஈரம் வேண்டும். மொட்டுக் காம்பில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்து எடு. எறும்பு ஏறும் பாதையை முதலில் அடை, இல்லாவிட்டால் இரண்டு நாளில் திரும்ப வரும்.

ரோஜாவைக் கோடையில் பெரிதாக எதிர்பார்க்காதே. பன்னீர் ரோஜா தாங்கும், கடையில் விற்கும் பெரிய ஒட்டு ரோஜா சின்னச் சின்னதாகத்தான் பூக்கும். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே இருந்து வேகமாக ஒரு தண்டு கிளம்பினால் அது காட்டு ரோஜா. பார்க்க ஆரோக்கியமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டால் மேலே இருக்கும் நல்ல ரோஜாவைத் தின்றுவிடும். அடியோடு கிள்ளிவிடு.

மே மாதம் ஊட்டிக்குப் போகப் போவதாகச் சொன்னாய். 1848-இல் உருவான அந்தத் தாவரவியல் பூங்காவையும் மலர்க் கண்காட்சியையும் கண்குளிரப் பார். குழந்தைக்கு ஒவ்வொரு பூவாகக் காட்டு. ஆனால் தொட்டி தூக்கி வராதே. ஹைட்ரேஞ்சியா, ஃபூஷியா, ஜெரேனியம் எல்லாம் இரவுக் குளிருக்குப் பழகியவை. மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் துவளும், சென்னை மாடியில் பத்து நாள் தாங்காது. பேருந்திலும் காரிலும் மடியில் வைத்துக்கொண்டு ஆசையாக எடுத்து வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செடிகளை நினைத்து வேதனையாக இருக்கும்.

வேலியோரத்தில் பூப்பவை

இதை நான் சொல்லாவிட்டால் உனக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் ஊற்ற ஆளே இல்லாத பொட்டலில், ரயில் பாதை ஓரத்தில், கல்லுக்கும் சரளைக்கும் நடுவில் ஆவாரை மஞ்சளாகப் பூத்து நிற்பதைப் பார்த்திருப்பாய். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று பாட்டி சொல்வது நினைவிருக்கிறதா? பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவையும் கட்டுவோம். தெலங்கானாவில் இதுதான் மாநிலப் பூ, பதுகம்மா பண்டிகையில் அடுக்குவார்கள். இவ்வளவு பெருமை உள்ள செடியை நர்சரியில் கேட்டால் பல இடங்களில் இல்லை என்பார்கள். வேலியோரச் செடியை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று அவர்களுக்கு நினைப்பு.

நீ மாடியில் ஒரு ஆவாரை வை. பெரிய தொட்டியாக, ஆழமாக இருக்கட்டும். ஆணிவேர்ச் செடி என்பதால் காட்டிலிருந்து பிடுங்கி வந்து நட்டால் பிழைக்காது, விதையிலிருந்துதான் வளர்க்க வேண்டும். காய்ந்த தட்டையான காயிலிருந்து விதையை எடுத்து, கொதித்து இறக்கிச் சற்று ஆறிய வெந்நீரை ஊற்றி ஒரு இரவு ஊற விடு. தோல் கெட்டி என்பதால் இது இல்லாமல் முளைக்கச் சுணங்கும். செடி வளர்ந்த பிறகு ஒரு நாள் இலைகளில் பச்சைப் புழுக்கள் ஊர்வதைப் பார்ப்பாய். பதறி மருந்தடிக்காதே. மஞ்சள் நிறத்தில் கூட்டம் கூட்டமாய்ப் பறக்குமே, அந்த வண்ணத்துப்பூச்சிகள் ஆவாரை, கொன்றை வகைகளில்தான் முட்டையிடும். இலை போனால் மறுபடி துளிர்க்கும். குழந்தையை உட்கார வைத்துக் காட்டு, கூட்டுப்புழு கட்டி வெளியே வருவதைத் தன் கண்ணால் பார்க்கட்டும்.

எருக்கும் அப்படித்தான். கறுப்புக் கோடிட்ட செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிக்கு எருக்கிலையே தாய்வீடு. பெரிய கறுப்புத் தச்சு வண்டுகள், உண்மையில் அவை தேனீ இனம், எருக்கம்பூவை விடாமல் சுற்றும். ஆனால் குழந்தை ஓடும் மாடியில் எருக்கை வைக்காதே, பால் கண்ணில் பட்டால் ஆபத்து. காலி மனையில் நிற்பதை வெட்டாமல் விடச் சொன்னால் போதும்.

வேப்பம்பூ விஷயம் மறந்துவிடாதே. வருடப் பிறப்புக்குப் பச்சடி செய்யக் கடையில் பொட்டலம் வாங்குகிறாய். உன் தெரு முனையிலேயே வேப்ப மரம் நிற்கிறது. முதல் நாள் இரவு மரத்தடியைப் பெருக்கி, பழைய வேட்டியை விரித்து நாலு பக்கமும் கல் வைத்துவிட்டு வா. காலையில் வெயில் ஏறுவதற்குள் மடித்து எடு. புடைத்து, குச்சியும் தூசியும் நீக்கி, நிழலில் நாலு நாள் உலர்த்தினால் வருடம் முழுக்க ரசத்துக்கு வரும். நெய்யில் சிவக்க வறுத்துக் கடைசியில் சேர். சாலையோரப் புகை படும் மரமாக இருந்தால் வேண்டாம்.

தும்பையையும் நெருஞ்சியையும் களை என்று பிடுங்காதே என்று சொல்ல ஆசை. நெருஞ்சி முள் குழந்தையின் காலுக்கு ஆகாது, அதைப் பிடுங்கத்தான் வேண்டும். தும்பை தொட்டியோரத்தில் தானாக வந்தால் இருக்கட்டும். உண்ணிச்செடியின் பல நிறப் பூவைப் பார்த்து ஆசைப்படாதே. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்து, இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புல்லையே முளைக்க விடாமல் மூடிவிட்ட செடி அது. பறவை தின்று விதையை எங்கெங்கோ போடும்.

செங்காந்தளைப் பற்றி நீ கேட்டாய். நம் மாநிலப் பூதான், ஆனால் அது கோடைப் பூ இல்லை. கிழங்கை ஆடியில் நட்டால் மழையோடு கொடியேறிப் பூக்கும். கிழங்கிலிருந்து விதை வரை கடும் நஞ்சு. உன் குழந்தைக்குப் பத்து வயதாகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அரளிக்கும் இதையே சொல்கிறேன். நெடுஞ்சாலை நடுவில் எவ்வளவு அழகாகப் பூத்தாலும் அதன் இலை, பூ, தண்டு எல்லாமே நச்சு. 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்தில் அரளிப்பூ சேர்ப்பதையே நிறுத்திவிட்டது. அந்திமந்தாரை விதையும் குழந்தை வாயில் போடக் கூடாது, முதிர்ந்ததும் உதிர விடாமல் பறித்து டப்பாவில் போட்டுவிடு.

விதை எடுப்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும். சாலையோரத்திலோ நம் காட்டிலோ எடுத்தால் ஒரு செடியிலிருந்து நாலைந்து காய் மட்டும் எடு, மிச்சம் அந்த மண்ணுக்கு. சரணாலயத்துக்கோ காப்புக்காட்டுக்கோ சுற்றிப் பார்க்கப் போனால் ஒரு செடியையும் தொடாதே. அது சட்டப்படி குற்றம், அதோடு அங்கே அதை நம்பி எத்தனையோ உயிர்கள் இருக்கின்றன.

ஊருக்கு வரும்போது

சித்திரைத் திருவிழாவுக்கு இங்கே வரும் நாலு நாளும் செடிக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டாய். புறப்படும் அன்று காலை எல்லாத் தொட்டிகளையும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நெருக்கமாகச் சேர்த்து வை. நெருங்கி நின்றால் ஒன்றுக்கொன்று ஈரம் காக்கும். வடிய வடியத் தண்ணீர் ஊற்று. ஒரு வாளித் தண்ணீரை ஸ்டூல் மேல் ஏற்றி வைத்து, பருத்திக் கயிற்றின் ஒரு முனையை வாளிக்குள்ளும் மறு முனையை மல்லித் தொட்டி மண்ணில் இரண்டு அங்குலம் ஆழத்திலும் புதைத்துவிடு. கயிறு ஈரத்தை இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். போவதற்கு முந்தின நாளே ஒரு முறை வைத்துச் சோதித்துப் பார். பச்சை நிழல்வலை வாங்குவதாக இருந்தால் பாதி வெயிலை வடிகட்டுவது போதும். அதற்கு மேல் அடர்த்தியாகக் கட்டினால் மல்லி பூக்காது.

வரும்போது இரண்டு காலிப் பை எடுத்து வா. நம் கிணற்றடி மல்லியில் போன ஆடியில் போட்ட பதியன் மூன்றும் நன்றாக வேர் பிடித்துவிட்டன. அம்மா வைத்த செடியிலிருந்து வந்தவை. இந்த வெயிலில் பிரித்துக் கொடுத்தால் தாங்காது, ஆடிக்கு நானே ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வருகிறேன். அதுவரைக்கும் பைகளில் இங்கிருந்து செம்மண்ணும் தொழு உரமும் அள்ளிக்கொண்டு போய்த் தொட்டியைத் தயார் செய்து வை.